சீட்டு எழுதி அனுப்பாதீர்கள்: ஓ.எஸ்.டி. மையத்திலேயே ஹெபடைட்டிஸ் சி சிகிச்சை

ஓ.எஸ்.டி. (ஓபியாய்டு மாற்று சிகிச்சை) மையத்துக்கு ஒருவர் தினமும் வருகிறார். வரிசையில் நின்று பெயரைச் சொல்லி, பியூப்ரினார்ஃபின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து, அது கரையும்வரை செவிலியர் கண்ணெதிரே உட்கார்ந்துவிட்டுப் போகிறார். மழையோ பந்த்தோ அவரைத் தடுப்பதில்லை. வராவிட்டால் உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், ராத்தூக்கம் போய்விடும். சர்க்கரை நோயாளியோ ரத்த அழுத்த நோயாளியோ இத்தனை ஒழுங்காக ஒரு மருத்துவ வளாகத்துக்குள் வருவதில்லை. இப்படி வருகிறவருக்கு ஹெபடைட்டிஸ் சி இருப்பது தெரிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? ஒரு சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். பதிவேட்டில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்று குறித்துக் கணக்கை முடிக்கிறோம். அவர் போனாரா, போன இடத்தில் யாரைப் பார்த்தார், மருந்து கையில் கிடைத்ததா என்பதற்கு அந்தப் பதிவேட்டில் இடம் இல்லை.

செவிலியர், ஆலோசகர், களப்பணியாளர், டி.ஐ. (இலக்குசார் தலையீடு) திட்ட மேலாளர் ஆகியோருக்கான இந்த அத்தியாயம் அந்தச் சீட்டைத் தேவையற்றதாக்குவது எப்படி என்பதைச் சொல்கிறது. மருந்தின் அளவையும் வகையையும் மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஆளைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்வது மற்றவர்கள் கையில் இருக்கிறது. சிகிச்சை தோற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையில்தான்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. இந்த வைரஸை அடையாளம் கண்டது 1989இல். அதை உடலிலிருந்து அகற்றும் சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2013 டிசம்பரில். அன்று அங்கே 12 வாரத்துக்கு அதன் விலை 84,000 டாலர். ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். 2014இல் இந்திய மருந்து நிறுவனங்களுக்குத் தயாரிப்பு உரிமம் கிடைத்ததும் விலை தலைகீழாக இறங்கியது. பஞ்சாப் அரசு 2016இல் இலவச சிகிச்சையைத் தொடங்கியது. 2018 ஜூலை 28 அன்று தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தபின் பரிசோதனையும் மருந்தும் நாடு முழுக்க அரசு சிகிச்சை மையங்களில் இலவசம். தினம் ஒருவேளை மாத்திரை, பெரும்பாலோருக்கு 12 வாரம், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குணம். நாட்பட்ட வைரஸ் நோய் ஒன்று இவ்வளவு எளிதாக அடியோடு நீங்குவது மருத்துவத்தில் அபூர்வம். இனி தடை மருந்திலும் இல்லை, விலையிலும் இல்லை. நோயாளி நிற்கும் இடத்துக்கும் மருந்து இருக்கும் இடத்துக்கும் நடுவே இருக்கிற தூரம்தான் தடை.

அந்தத் தூரத்தை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் 12 ஓபியாய்டு சிகிச்சை மையங்களில், ஹெபடைட்டிஸ் சி உள்ள 602 பேரிடம் நடந்தது. முடிவு 2024இல் வெளியானது. ஒரு பிரிவினரை வழக்கம்போல வெளியே இருக்கும் நிபுணரிடம் அனுப்பினார்கள். இன்னொரு பிரிவினர் மெத்தடோன் வாங்க வரும் மையத்திலேயே ஓர் அறையில் உட்கார்ந்து, பணியாளர் ஒருவர் துணையோடு, வீடியோ வழியாக நிபுணரைப் பார்த்தார்கள். மருந்தும் அங்கேயே கைக்கு வந்தது. வெளியே அனுப்பப்பட்டவர்களில் சிகிச்சையைத் தொடங்கியவர்கள் 40 சதவீதம். இருந்த இடத்தில் பார்த்தவர்களில் 92 சதவீதம். கடைசியில் குணமானவர்கள் முதல் பிரிவில் 39 சதவீதம், இரண்டாவதில் 90 சதவீதம். முதல் பிரிவின் இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: தொடங்கியவர் 40, குணமானவர் 39. தொடங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமாகியிருக்கிறார்கள். 'இவர்கள் ஒழுங்காக மாத்திரை சாப்பிட மாட்டார்கள்' என்று சொல்பவருக்கு இந்த இரண்டு எண்கள் போதும்.

நம் ஊரில் இதற்கு வீடியோகூடத் தேவைப்படாது. ஓ.எஸ்.டி. மையங்கள் பலவும் அரசு மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. சிகிச்சை மையம் அடுத்த கட்டடமாக இருக்கலாம். ஆனால் அந்த அடுத்த கட்டடம் எத்தனை தூரம் என்பது அங்கே ஒருமுறை 'குடிகாரன், ஊசிக்காரன்' என்று பேச்சு வாங்கியவருக்குத்தான் தெரியும். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், அங்குள்ள மருத்துவர் இங்கே வந்து உட்கார ஏற்பாடு செய்யுங்கள். முடியாதென்றால் களப்பணியாளர் கூடவே போய்க் கூடவே திரும்பட்டும்.

பரிசோதனை: இரண்டு கேள்விகள், இரண்டு சோதனைகள்

விரல் நுனியில் குத்தி ஒரு துளி ரத்தத்தில் செய்யும் விரைவுச் சோதனை, இந்த வைரஸ் எப்போதாவது உடலுக்குள் வந்ததா என்பதை மட்டுமே சொல்லும். அது பார்ப்பது எதிர்ப்பொருளை. தொற்றியவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு வைரஸ் ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடும். எதிர்ப்பொருள் மட்டும் தங்கிவிடும். மருந்தால் குணமானவருக்கும் அப்படியே. ஆகவே விரைவுச் சோதனை 'பாசிட்டிவ்' என்றதும் 'உனக்கு ஹெபடைட்டிஸ் சி இருக்கு தம்பி' என்று சொல்லிவிடாதீர்கள். 'இந்தக் கிருமி உன் உடம்புக்குள்ள வந்திருக்கு. இன்னும் இருக்கா, போயிடுச்சான்னு பார்க்க இன்னொரு டெஸ்ட் இருக்கு, அதையும் இன்னைக்கே எடுத்துடலாம்' என்று சொல்லுங்கள். அந்த இன்னொரு சோதனை ஆர்.என்.ஏ. சோதனை, பேச்சு வழக்கில் வைரல் லோடு. காசநோய்க்காக வைத்திருக்கும் சிபிநாட் இயந்திரத்திலேயே தனி கார்ட்ரிட்ஜ் போட்டு இதைச் செய்யலாம். உங்கள் மாவட்டத்தில் அந்த இயந்திரம் எங்கே இருக்கிறது, மாதிரி எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் விசாரித்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

முக்கியமானது அந்த 'இன்னைக்கே' என்ற சொல். 'அடுத்த வாரம் வாங்க, ரத்தம் எடுக்கணும்' என்று அனுப்பினால் சிகிச்சைத் தொடரின் முதல் ஓட்டை அங்கேயே விழுந்துவிடும். இரண்டு மாதிரியையும் ஒரே அமர்வில் எடுத்துவிடுங்கள். முடிவைக் கேட்க அவர் தனியாக வர வேண்டாம்; மறுநாள் மாத்திரைக்கு எப்படியும் வருவார்.

ரத்தம் எடுப்பதற்கென்று தனி நுணுக்கம் உண்டு. பல வருடம் ஊசி போட்ட கையில் நரம்பு தேடுவது லேப் ஊழியருக்கு எரிச்சல், நோயாளிக்கு அவமானம். நாலு இடத்தில் குத்திவிட்டு 'உங்களுக்கெல்லாம் நரம்பே இல்லை' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அவர் அந்த லேப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். எந்த நரம்பு இன்னும் நல்லா இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். அந்த வரைபடம் அவரிடம்தான் இருக்கிறது. கையை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்தால் நரம்பு எழும்பும். அன்றைய பியூப்ரினார்ஃபின் மாத்திரையை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ரத்தம் எடுங்கள். உடம்பு முறுக்கிக்கொண்டிருக்கும் மனிதரை வெறும் வயிற்றோடு லேப் வாசலில் நிற்கவைத்தால் அவர் ஓடிப்போவதில் என்ன ஆச்சரியம்? இந்தச் சோதனைக்கு வெறும் வயிறு தேவையும் இல்லை.

'நான் நல்லாத்தானே சிஸ்டர் இருக்கேன், எனக்கு எதுக்கு?' என்பார்கள். உண்மைதான், பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதோ சிறுநீர் நிறம் மாறுவதோ இல்லை. பத்து இருபது வருடம் சத்தமில்லாமல் கல்லீரல் இறுகும். நாட்பட்ட தொற்று உள்ளவர்களில் 15 முதல் 30 சதவீதத்தினருக்கு இருபது ஆண்டுக்குள் சிரோசிஸ் வருகிறது. கூடவே குடியும் இருந்தால் இன்னும் வேகம். கீழாநெல்லி சாப்பிடுகிறேன் என்பவரிடம் சண்டை பிடிக்க வேண்டாம். அதனால் இந்த வைரஸ் போகாது என்று சொல்லுங்கள். வேறு என்ன சூரணம், லேகியம் சாப்பிடுகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு அது தேவைப்படும்.

'இன்னும் போட்டுக்கிட்டுத்தானே இருக்கான்?'

இந்தக் கேள்வியை மருத்துவர்கள் கேட்பார்கள், குடும்பத்தார் கேட்பார்கள், சில சமயம் நாமே கேட்போம். முதலில் போதையை நிறுத்தட்டும், ஆறு மாதம் சுத்தமாக இருந்து காட்டட்டும், பிறகு மருந்து என்பது இன்டர்ஃபெரான் ஊசி காலத்துப் பழக்கம். அந்த ஊசி ஒரு வருடம்வரை போகும், மனச்சோர்வை உண்டாக்கும், பாதிப் பேருக்குக் குணமும் ஆகாது. அன்றைக்குத் தயங்கியதில் நியாயம் இருந்தது. இன்று இல்லை. உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட தொற்று உள்ள வயது வந்தோர் அனைவருக்கும் சிகிச்சை தரச் சொல்கிறது. போதைப் பழக்கத்தைத் தடையாக வைப்பதில்லை. சிம்ப்ளிஃபை என்ற பன்னாட்டு ஆய்வில் அண்மையில்கூட ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் பங்கேற்றார்கள். 94 சதவீதம் குணமானார்கள். வாஷிங்டன் நகரில் நடந்த ஆங்கர் ஆய்வில் 100 பேருக்கு ஹெபடைட்டிஸ் மருந்தையும் பியூப்ரினார்ஃபினையும் ஒரே இடத்தில் வழங்கினார்கள். வீடில்லாதவர்கள், அன்றாடம் ஊசி போடுகிறவர்கள் அவர்களில் ஏராளம். 82 பேர் குணமானார்கள். சில நாள் மாத்திரை தவறியவர்களும் குறித்த தேதிக்குப் பிறகு முடித்தவர்களும் அந்த 82 பேரில் உண்டு.

இதில் என் கருத்து கறாரானது. போதையை நிறுத்துவதை நிபந்தனையாக வைப்பவர், வைரஸ் அடுத்தவருக்குப் பரவக் கால அவகாசம் தருகிறார். ஊசியைப் பகிர்கிறவரைத்தான் முதலில் குணப்படுத்த வேண்டும்; கடைசியில் அல்ல.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

ஹெபடைட்டிஸ் பி சோதனை கட்டாயம். சி வைரஸை அகற்றும்போது பதுங்கிக் கிடக்கும் பி வைரஸ் தலைதூக்கிக் கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் உண்டு. இல்லை என்று தெரிந்தால் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள்; சி வைரஸுக்குத் தடுப்பூசி கிடையாது. எச்.ஐ.வி. சோதனைக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது. பெண்ணாக இருந்தால் கர்ப்பமா என்று கேட்க வேண்டும். ஊசி போடும் பெண்கள் மையத்துக்கு வருவதே குறைவு. பலருக்கு ஊசி போட்டுவிடுவதே துணைவர்தான். அந்தத் துணைவர் வழியாக, பெண் களப்பணியாளர் மூலம், அவர்களைத் தனியாகச் சந்திக்க வழி பாருங்கள்.

கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை இரண்டு சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஊகிக்கலாம். ஏ.எஸ்.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவை லேப் தரும் உச்ச இயல்பளவால் வகுத்து, வந்ததைத் தட்டணு எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்கினால் ஏ.பி.ஆர்.ஐ. கிடைக்கும். ஒருவருக்கு ஏ.எஸ்.டி. 80, உச்ச இயல்பளவு 40, தட்டணு 1.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 80ஐ 40ஆல் வகுத்தால் 2. தட்டணுவை ஆயிரக் கணக்கில் 160 என்று எடுக்க வேண்டும். லேப் அறிக்கையில் இருக்கும் 1.6ஐ அப்படியே போட்டுவிட்டுப் பதறுகிறவர்கள் உண்டு. 2ஐ 160ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 1.25. இது 2ஐத் தாண்டினால் சிரோசிஸ் சந்தேகம். அவர் விஷயத்தில் தாண்டவில்லை. எண் என்ன சொன்னாலும், வயிறு வீங்கியிருந்தாலோ, ரத்த வாந்தி எடுத்திருந்தாலோ, பேச்சில் குழப்பம் இருந்தாலோ அவரை அன்றே ஆள் துணையோடு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

தேசிய வழிகாட்டுதலில் சிரோசிஸ் இல்லாதவருக்கு சோஃபோஸ்புவிரும் டாக்ளாடஸ்விரும் 12 வாரம்; சிரோசிஸ் இருந்தால் சோஃபோஸ்புவிரும் வெல்படஸ்விரும், நிலை மோசமென்றால் கூடவே ரிபாவிரின். இதை மருத்துவர் முடிவு செய்வார். அவருக்கு நீங்கள் தர வேண்டியது நோயாளி விழுங்கும் எல்லா மருந்துகளின் பட்டியல். பியூப்ரினார்ஃபின், மெத்தடோன் இரண்டாலும் இந்த மருந்துகளுக்கு இடைஞ்சல் இல்லை, அளவை மாற்ற வேண்டியதில்லை. நோயாளி முதலில் பயப்படுவது அதைப் பற்றித்தான் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிக்கல் வேறு இடத்தில். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இந்த மாத்திரைகளைச் செயலிழக்கச் செய்யும். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், கார்பமசெபைன் ஆகியவையும் அப்படியே. மறுவாழ்வு மையத்திலிருந்து வருகிறவரின் பையில் கார்பமசெபைன் இருக்கிறதா என்று பாருங்கள். இதயத் துடிப்புக்கான அமியோடரோன் சோஃபோஸ்புவிருடன் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தாகக் குறையும். வெல்படஸ்விர் எடுப்பவர் 'கேஸ் மாத்திரை' என்று பான்டோப்ரசோலைத் தினமும் விழுங்கினால் மருந்து உடலில் சரியாகச் சேராது. நம் ஊரில் அதை யாரும் மருந்தாகவே கணக்கில் சேர்ப்பதில்லை, ஆகவே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பன்னிரண்டு வாரம்

வீடும் பூட்டிய அலமாரியும் உள்ளவருக்கு மாதத்துக்கு ஒரு டப்பாவாகக் கொடுக்கலாம். மின்மான் என்ற ஐந்து நாட்டு ஆய்வில் 84 மாத்திரைகளையும் முதல் நாளே கையில் கொடுத்து, நடுவில் எந்தச் சந்திப்பும் வைக்காமல் அனுப்பினார்கள். 95 சதவீதம் குணமானார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் சென்னையின் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தோடு நெருங்கிய தொடர்புள்ள சுனில் சாலமன். 

நடைபாதையிலோ பாலத்தடியிலோ தூங்குகிறவருக்கு 84 மாத்திரை சுமைதான். பை திருட்டுப் போகும், போலீஸ் பிடுங்கிக்கொள்ளும், மழையில் நனையும். அவருடைய டப்பாவை மையத்திலேயே பெயரிட்டு வைத்து, தினமும் பியூப்ரினார்ஃபினோடு சேர்த்துக் கொடுங்கள். வரிசை முக்கியம்: நாக்கடி மாத்திரை முழுதாகக் கரைந்த பிறகே தண்ணீர் குடித்து இதை விழுங்க வேண்டும், கரையுமுன் கொடுத்தால் நாக்கடி மாத்திரையும் சேர்ந்து உள்ளே போய்ப் பியூப்ரினார்ஃபின் வீணாகும். டப்பாவைக் கையோடு கொண்டுபோவதா, மையத்திலேயே தினம் வாங்குவதா என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் 'இவரை நம்ப முடியாது' என்று நாம் முடிவு செய்வது பெரும்பாலும் தப்பாகத்தான் போகிறது.

ஒருநாள் தவறினால், அன்றைக்குள் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் ஒன்றே ஒன்று, இரண்டு சேர்த்து வேண்டாம். சில நாள் காணாமல் போய்த் திரும்பியவரைத் திட்டாமல் அன்றே மறுபடி தொடங்க வையுங்கள். ஒரு வாரத்தைத் தாண்டிய இடைவெளி என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஊருக்குப் போகிறவர், கல்யாணத்துக்குப் போகிறவர், முக்கியமாகக் கைதாகிறவர்: இந்த மூவருக்கும் முன்னேற்பாடு தேவை. கைபேசி எண் இரண்டு, அம்மாவுடையதோ அக்காவுடையதோ ஒன்று, வழக்கமாக உட்காரும் டீக்கடை எது என்பதையும் முதல் நாளே வாங்கி வையுங்கள். எந்த நோய்க்கு மருந்து என்பதை வீட்டாரிடம் சொல்லலாமா என்று அவரிடம் தனியாகக் கேட்டு எழுதுங்கள். மையத்துக்கு வந்தால் வழக்கு பாயுமோ என்று அஞ்சுகிறவரிடம், தானாக முன்வந்து சிகிச்சை பெறுகிறவருக்குப் போதைப்பொருள் பயன்பாடு, சிறு அளவு தொடர்பான குற்றச்சாட்டுகளில் பாதுகாப்பு தரும் 64ஏ பிரிவு போதைப்பொருள் (என்.டி.பி.எஸ்.) சட்டத்தில் இருக்கிறது என்று சொல்லலாம்.

மருந்து முடிந்த பிறகு

கடைசி மாத்திரையிலிருந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. சோதனை. அதில் வைரஸ் இல்லையென்றால் குணம். பலர் இந்தச் சோதனைக்கு வருவதில்லை, மருந்து முடிந்ததே குணம் என்று நினைத்துவிடுகிறார்கள். தேதியை ஓ.எஸ்.டி. அட்டையிலேயே சிவப்பு மையில் எழுதுங்கள்.

குணமானவருக்கு மறுபடி தொற்ற முடியும். முதல் தொற்று எந்தக் கவசமும் தராது. ஆகவே ஊசியோடு விஷயம் முடிவதில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். மருந்து கரைக்கும் மூடி, வடிகட்டும் பஞ்சு, எல்லோரும் தொட்டுக்கொள்ளும் தண்ணீர் எல்லாவற்றிலும் வைரஸ் ஒட்டும். ஆய்வகச் சோதனையில் ஊசிக்குழாய்க்குள் தங்கிய ரத்தத்தில் 63 நாள்வரை அது உயிரோடு இருந்திருக்கிறது. சென்னையிலும் மற்ற ஊர்களிலும் டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைக் கரைத்து ஏற்றும் இளைஞர்கள் தங்களை 'ஊசி கேஸ்' என்று நினைப்பதில்லை. மெடிக்கல் ஷாப் மாத்திரைதானே என்கிறார்கள். அதுவும் ஓபியாய்டுதான். குழுவாக உட்கார்ந்து ஒரே கரைசலிலிருந்து எடுப்பது அவர்களிடம்தான் அதிகம் என்பதால் களப்பணியாளர் இந்தக் கூட்டத்தைத் தேடிப் போக வேண்டும்.

பியூப்ரினார்ஃபின், மெத்தடோன் சிகிச்சையே ஹெபடைட்டிஸ் சி தொற்றும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது. புது ஊசி தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய முக்கால்பங்கு குறைக்கிறது என்று 2017இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. ஹெபடைட்டிஸ் குணமாகிவிட்டது என்று ஓ.எஸ்.டி.யை விட்டுவிட நினைப்பவரிடம் இதைச் சொல்லுங்கள். ஒருவர் குணமாகி அவரோடு ஊசி பகிரும் இருவர் அப்படியே இருந்தால் நம் உழைப்பு ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர். ஒருவரைத் தொடங்கும் நாளிலேயே 'யாரோட சேர்ந்து போடுறீங்க, அவங்களையும் கூட்டிட்டு வாங்கண்ணே' என்று கேளுங்கள். பெயர் கேட்க வேண்டாம், ஆள் வந்தால் போதும்.

குணமான பிறகும் தொடர்ந்து ஊசி போடுகிறவருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதனை வேண்டும், அதுவும் ஆர்.என்.ஏ. மட்டுமே. எதிர்ப்பொருள் சோதனை அவருக்கு எப்போதும் பாசிட்டிவாகவே காட்டும், பயனில்லாமல் பயமுறுத்தும். மறுபடி தொற்றியிருந்தால் மறுபடி சிகிச்சை. 'ஒருதடவை குணமாக்கிக் கொடுத்தும் திருந்தலையே' என்ற பேச்சு மையத்தில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது, காவலாளி உட்பட.

சிரோசிஸ் இருந்தவர்களுக்கு வைரஸ் போன பிறகும் கல்லீரல் புற்றுநோய் அபாயம் முழுதாகப் போவதில்லை. அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் தொடர வேண்டும், மதுவை விட வேண்டும். பதிவேட்டில் இவர்கள் பெயரைத் தனிப் பக்கத்தில் வைத்து, அடுத்த ஸ்கேன் மாதத்தையும் கூடவே போய்வரும் களப்பணியாளர் பெயரையும் எதிரில் எழுதுங்கள்.